சிற்றாற்றின் வழியே

தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது திருக்குற்றாலம். மூன்று சிகரங்கள் கூடி நிற்றலின், அம்மலை திரிகூடம் எனப் பெயர் பெற்றது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் அதன் வளத்தைக் குறவஞ்சி நாடகமாகப் பாடினார். ஆனி, ஆடித் திங்கள்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கணவாய் வழியே புகுந்து மென்சாரல் தூவும். அக்காலத்தில் பல்லாயிரவர் அங்கு வந்து பேரருவியில் நீராடி மகிழ்வர். ஆயினும், தம் தலைமேல் விழும் நீர் எங்கிருந்து வருகின்றது, எங்கே செல்கின்றது என்று எண்ணுவோர் சிலரே. அவ்விரு வினாக்களுக்கும் விடை பகர்வது, பேரருவிக்கு மேலே காட்டினூடே செல்லும் சிறு பாதையாகும்.

குற்றாலத்து நீரோட்டத்திற்குச் சிற்றாறு என்பது பெயர். அதன் கரையை ஒட்டி மேலே செல்லும் பாதை, 2, 3 கிலோமீட்டர் தொலைவில் செண்பகதேவி அருவியை அடையும். அதற்கும் மேலே உள்ளது தேனருவி. இப்பகுதி வனத்துறையின் காவலில் உள்ளது. ஆதலின், அத்துறையினரின் ஒப்புதலின்றி எவரும் இதனுட் செல்லுதல் கூடாது. ஒப்புதல் பெற்றுச் செல்வோரும் வழிகாட்டியுடன் செல்லுதலே முறையாகும்.

கடைத்தெருவின் ஆரவாரம் சிறிது தொலைவிலேயே அடங்கிவிடும். அதன்பின் செவியிற் படுவது நீரின் ஒலி ஒன்றே. அவ்வொலியும் ஒரு தன்மையதன்று. மணற்பாங்கான இடத்தில் மெல்லென முணுமுணுக்கும். உருண்டைக் கற்களிடையே சலசலக்கும். பாறை விளிம்பினின்று குதிக்குமிடத்தில் முழங்கும். உரக்கப் பேசிக்கொண்டு நடப்பவர் இவ்வேறுபாட்டை உணரார். வாய் மூடி நடப்பவர்க்கே காடு தன்னைக் காட்டும். மலையணில் கிளைவிட்டுக் கிளை தாவுவதை அவர் காண்பர். ஓடைக்கரையில் வாழும் சீகாரப் பூங்குருவி, மனிதன் சீழ்க்கையடிப்பது போல இசைப்பதையும் கேட்பர். மழைநாளில் காலைப் பற்றும் அட்டையும் அக்காட்டின் குடியேயாகும். அதனை அஞ்சாது, அவ்வப்போது நின்று காலைப் பார்த்து நடத்தல் போதும்.

பாதையின் இருமருங்கும் சிறு ஓடைகள் பல வந்து சிற்றாற்றிற் கலக்கின்றன. மழை நின்று பல நாள் கழிந்த பின்னும் அவற்றில் தெளிந்த நீர் கசிந்தோடுவதைக் காணலாம். மழையில்லாதபோது நீர் எங்கிருந்து வருகின்றது? காட்டின் அமைப்பே இதற்கு விடையாகும். வானினின்று வீழும் துளி முதலில் மரத்தின் இலைகளில் விழுந்து வேகம் தணிகின்றது. பின்னர்த் தரையிற் பரந்து கிடக்கும் சருகின்மேல் விழுகின்றது. சருகு மட்கிய மண், பஞ்சுபோல அந்நீரை உறிஞ்சுகின்றது. வேர்கள் திறந்துவைத்த வழியே நீர் உள்ளிறங்கிப் பாறை இடுக்குகளில் தங்கி, சிறிது சிறிதாக வெளியே கசிகின்றது. மரமற்ற சரிவிலோ, பெய்த நீர் அப்பொழுதே மண்ணை அரித்துக்கொண்டு பெருக்கெடுத்தோடும். மறுவாரமே ஓடை வறண்டுவிடும். ஆதலின், அருவியைத் தருவது மழை மட்டுமன்று. மழையைச் சேமித்து வைத்து அளந்து கொடுக்கும் காடும் ஆகும்.

செண்பகதேவி அருவி பேரருவியைப்போல் பெரியதன்று. அதன் அருகே செண்பகதேவி அம்மன் கோயில் உள்ளது. சித்திரைப் பௌர்ணமி நாளில் அங்கு வழிபாடு சிறப்பாக நிகழும். தேனருவியோ, அருகிலுள்ள பாறைகளில் தேனீக்கள் அடை கட்டுதலால் அப்பெயர் பெற்றது. அங்கே நீராடுதல் இடர் தருவதாகும்.

அழகும் இடரும் மலையில் அடுத்தடுத்து வாழ்வன. கீழே வெயில் காயும்போதே மலையுச்சியில் பெருமழை பெய்தல் கூடும். அந்நீர் பல ஓடைகளின் வழியே ஒருங்கு திரண்டு, சில நிமிடங்களில் வெள்ளமாக வந்து சேரும். 2024ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள், அண்மையிலுள்ள பழைய குற்றால அருவியில் அவ்வாறு வந்த வெள்ளம் பதினேழு வயது இளைஞன் ஒருவனின் உயிரைக் கொண்டது. தெளிந்த நீர் திடீரெனக் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், அருவியின் முழக்கம் மிகுதல் ஆகியவை வெள்ளத்தின் முன்னறிகுறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும், உடைமைகளை எடுக்கவும் நில்லாது மேட்டை நோக்கி ஏறுதல் வேண்டும். அறிகுறியே காட்டாமல் வெள்ளம் வருதலும் உண்டு. ஆதலால், காவலர் தடுத்த நாளில் நீரில் இறங்காமையே அறிவுடைமை.

ஏறும்போது நீரின் பிறப்பிடத்தை நோக்கிச் சென்றவர், இறங்கும்போது நீருடன் சேர்ந்து நடக்கின்றனர். பேரருவியின் இடையே பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பள்ளம் ஒன்று உண்டு. மேலிருந்து வீழும் நீர் அதனுள் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிகின்றது. அதனாலேயே கீழே நிற்பவர் அந்நீரைத் தலையில் தாங்க முடிகின்றது. அங்கிருந்து சிற்றாறு குளங்களை நிரப்பி, வயல்களை வளப்படுத்திச் சென்று, சீவலப்பேரிக்கு அருகே பொருநையிற் கலக்கின்றது. உழவர் ஒருவர் தம் வயலிற் பாய்ச்சும் நீர், மலைமேல் ஒரு மரத்தின் வேரடியில் சில நாள் தங்கியிருந்த நீராதல் கூடும்.

மேற்குத் தொடர்ச்சி மலை 2012ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. அப்பெருமையைக் காப்பது அரசின் கடமை மட்டுமன்று. ஓடையில் எறியப்படும் ஒரு பிளாஸ்டிக் பை, அது வீசப்பட்ட இடத்திலேயே கிடப்பதில்லை. நீர் செல்லும் ஊரெல்லாம் செல்லும். காட்டுவழி நடப்போர் தாம் கொண்டு சென்றவற்றை மீளக் கொண்டு வருதல் வேண்டும். அங்குள்ள மலரையும் கல்லையும் அங்கேயே விட்டு வருதல் வேண்டும். தமக்குப் பின் வருவோரும் அந்நீரைத் தெளிவாகவே காணுமாறு நடந்துகொள்வதே, அருவியில் நீராடி மகிழ்ந்தோர் அம்மலைக்குச் செய்யும் கைம்மாறாகும்.