ராஜா இறந்த பிறகு என்ன? – ஒரு விண்வெளி விளையாட்டில் கற்ற பாடம்

"தாத்தா, ராஜா செத்துப் போயிட்டார்! இப்ப என்ன பண்றது?"

சென்ற தீபாவளி விடுமுறையில் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் இப்படிக் கத்தியபோது நான் பயந்துவிட்டேன். அறைக்குள் ஓடிப் பார்த்தால் கம்ப்யூட்டர் திரை முழுக்க நட்சத்திரங்கள். நடுவில் ஒரு சின்னக் கட்டத்தில், பேரரசர் காலமாகிவிட்டார் என்ற அறிவிப்பு. பையன் முகத்தில் உண்மையான கவலை. சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் அவன் கேட்ட கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ராஜா இறந்த பிறகு என்ன? வீட்டிலும் அலுவலகத்திலும் சங்கத்திலும் எல்லோரும் தள்ளிப்போடும் கேள்வி அல்லவா அது? எனவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவனிடம் பாடம் கேட்க உட்கார்ந்தேன். நான் கற்றதை இங்கே எழுதுகிறேன். பிள்ளைகள் விளையாடுவது என்ன என்று தெரியாத பெற்றோருக்கும் இது உதவலாம்.

விளையாட்டு எப்படிப்பட்டது?

இதன் பெயர் ஸ்டெல்லாரிஸ். சுவீடன் நாட்டின் பாரடாக்ஸ் நிறுவனம் 2016 மே மாதம் வெளியிட்டது. கதை கி.பி. 2200-இல் தொடங்குகிறது. ஒரே ஒரு கிரகத்தோடு ஆரம்பித்து, அக்கம்பக்கத்து நட்சத்திரங்களுக்குக் கப்பல் அனுப்பி, குடியேறி, மற்ற இனத்தாரோடு வணிகமோ போரோ செய்து ஒரு பேரரசை வளர்க்க வேண்டும். வழக்கமான அமைப்பில் 2500 வரை, அதாவது 300 ஆண்டுகள் போகும். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற விளையாட்டு அல்ல. வரவு செலவு, ஆராய்ச்சி, குடிமக்களின் மனநிலை எல்லாவற்றையும் கணக்குப் பார்க்க வேண்டும். நம் பட்ஜெட்டைவிடச் சிக்கலானது!

தலைவர்களுக்கு வயது ஏறும், அவர்கள் சாவார்கள். சாதாரண இனத்தாரின் ஆயுள் ஏறத்தாழ 80 ஆண்டுகள். நம் இனத்தை வடிவமைக்கும்போதே ஆயுளைக் கூட்டும் குணங்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்று 20 ஆண்டுகள் கூட்டும், இன்னொன்று 80 ஆண்டுகள் கூட்டும். ஆனால் அதற்கு விலை உண்டு, வேறு நல்ல குணத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். எனவே 300 ஆண்டு ஆட்டத்தில் ஆட்சி மாற்றம் நிச்சயம். எப்படி மாறும் என்பதைத்தான் நாம் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கிறோம்.

ஆட்சி மாறும் வழிகள்

1. ஜனநாயகம்: 10 ஆண்டுகளுக்கு ஒரு தேர்தல். 300 ஆண்டில் 30 தேர்தல்கள்.

2. சிலர் ஆட்சி: முக்கியஸ்தர் சிலரின் கையில் அதிகாரம். 20 ஆண்டுகளுக்கு ஒரு தேர்தல். 2018-இல் சேர்க்கப்பட்ட வணிக நிறுவன ஆட்சிக்கும் இதே கணக்குத்தான்.

3. சர்வாதிகாரம்: தலைவர் சாகும்வரை ஆள்வார். இறந்த பிறகுதான் இருக்கும் தலைவர்களிலிருந்து அடுத்தவர் தேர்வாவார்.

4. முடியாட்சி: தேர்தலே கிடையாது. வாரிசு ஒருவர் எப்போதும் குறிக்கப்பட்டிருப்பார். ராஜா போனதும் அவர் அரியணை ஏறுவார்.

5. கூட்டு மனம்: தேனீக்கூடு போல ஓர் இனம் முழுக்க ஒரே மனம். இது 2017-இல் சேர்க்கப்பட்டது. இயந்திர அறிவின் ஆட்சியும் அதே ஆண்டில் வந்தது. இவற்றில் ஆள்பவருக்குச் சாவே இல்லை.

பேரன் தேர்ந்தெடுத்திருந்தது நான்காவது. "வாரிசு" என்று நான் சொன்னதும் அவன், "அது ஹிந்தி வார்த்தை தாத்தா, வாரிஸ்" என்றான். இரண்டுமே அரபியிலிருந்து வந்த ஒரே சொல் என்று சொன்னேன். அன்று முதல் ஆட்டத்தில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் கேட்க ஆரம்பித்தான். அரியணை, அமைச்சர், குடியேற்றம், உடன்படிக்கை! வீட்டில் நான் எத்தனை முறை சொல்லியும் ஏறாத சொற்கள், தேவை வந்ததும் தானாக ஏறின.

பையன் செய்த தவறு

அவனுடைய ராஜாவுக்குக் கட்டடச் செலவைக் குறைக்கும் திறமை இருந்தது. ஆள்பவரின் திறமை பேரரசு முழுவதற்கும் பலன் தரும். எனவே பையன் அந்தச் சலுகையை நம்பி எல்லாக் கிரகங்களிலும் ஒரே நேரத்தில் கட்டுமானத்தைத் திட்டமிட்டிருந்தான். ராஜா இறந்ததும் அந்தத் திறமையும் அவரோடு போயிற்று. வாரிசுக்கு வேறு குணங்கள். இரவோடு இரவாகக் கணக்கு மாறிவிட்டது.

"வாரிசு யாருன்னு முன்னாடியே பார்த்தியாடா?" என்று கேட்டேன். அந்தப் படத்தை அவன் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை! ராஜாவுக்கு வயது 80-ஐத் தாண்டி வெகு நாளாகியிருந்தது. கண் முன்னே எண் இருந்தும் கவனிக்கவில்லை. தவறு ராஜா இறந்ததில் இல்லை. நல்ல ஆளை நிரந்தர ஏற்பாடாக எண்ணிக்கொண்டதில்தான் இருக்கிறது.

2023 மே மாத மாற்றங்களுக்குப் பிறகு இதற்கு ஒரு மருந்து வந்திருக்கிறது. ஆள்பவரோடு ஓர் அமைச்சரவையும் உண்டு. ஒவ்வொரு அமைச்சரின் திறமையும் பேரரசு முழுவதற்கும் பயன்படும். தலைவர் மறைந்தாலும் மற்றவர்கள் இருப்பார்கள். ஒரே தூணில் நிற்கும் கூரையைவிட நாலு தூணில் நிற்கும் கூரை பாதுகாப்பானது என்பது பொறியாளனுக்குப் புதிதல்ல.

மற்ற விளையாட்டுகளில்

1993-இல் வந்த மாஸ்டர் ஆஃப் ஓரியன் இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி. அதில் பேரரசர் சாவதே இல்லை. நூற்றாண்டுக் கணக்கில் அவரேதான். ஆனால் எல்லா இனத்தாரும் கூடும் ஒரு பேரவை உண்டு. மக்கள்தொகைக்கு ஏற்ப வாக்குகள். மூன்றில் இரண்டு பங்கு வாக்குப் பெற்றவர் அண்டம் முழுவதற்கும் தலைவர். தோற்றவர் தீர்ப்பை ஏற்க மறுத்தால் எல்லோரையும் எதிர்த்துப் போரிட வேண்டியதுதான். ஓட்டு எண்ணுவது எளிது. தோற்றவர் அதை ஒப்புக்கொள்வதே கடினம் என்பதை அந்தப் பழைய விளையாட்டே காட்டிவிட்டது.

ஸ்டெல்லாரிஸைச் செய்தவர்களின் இன்னொரு படைப்பு குரூசேடர் கிங்ஸ். விண்வெளி அல்ல, இடைக்கால ஐரோப்பா. அங்கே நாம் ஒரு மனிதர், ஒரு குடும்பம். பாகப்பிரிவினைச் சட்டம் இருந்தால் ராஜா இறந்ததும் பட்டங்களும் நிலங்களும் பிள்ளைகளிடையே பிரிந்துவிடும். நாற்பது ஆண்டு சேர்த்த ராஜ்யம் ஒரே நாளில் துண்டாகும். வம்சத்தில் வாரிசே இல்லாவிட்டால் ஆட்டமே முடிந்தது.

இந்த வேறுபாடுதான் பாடத்தின் மையம். குரூசேடர் கிங்ஸில் நான் ராஜா. ஸ்டெல்லாரிஸில் நான் ராஜா அல்ல. ராஜா சாகிறார், தேர்தலில் தலைவர் மாறுகிறார். ஆடுபவன் அப்படியே இருக்கிறான். அப்படியானால் அவன் யார்? யோசித்துப் பார்த்தால் அவன்தான் அந்த அமைப்பு. பதிவேடுகளும் பழக்கங்களும் நினைவும் சேர்ந்த ஒன்று. ஆட்டத்தில் அந்த நினைவு ஆடுபவனின் தலைக்குள் பத்திரமாக இருக்கிறது. எனவேதான் ராஜா இறந்த நொடியே புது ராஜா வந்தும் பேரரசு தடுமாறுவதில்லை. நிஜ வாழ்க்கையில் அப்படி ஒரு சாகாத ஆட்டக்காரன் கிடையாது.

ரயில் பாதையில் கற்றது

இதை நான் அனுபவித்திருக்கிறேன். எங்கள் ரயில்வே வேலையில் ஒரு பகுதியின் பாதைப் பராமரிப்பை ஒருவரிடமிருந்து இன்னொருவர் ஏற்கும்போது, இருவரும் சேர்ந்து டிராலியில் போய்ப் பாதையைப் பார்ப்போம். எந்த வளைவில் தொந்தரவு, எந்தக் கரையில் மண் சரிகிறது, கிடங்கில் எவ்வளவு சாமான் என்று எல்லாம் நேரில் காட்டித்தான் பொறுப்பு கைமாறும். வெறும் கையெழுத்தோடு முடிகிற காரியம் அல்ல.

ஒருமுறை எனக்கு முன் இருந்தவர் மாரடைப்பில் திடீரென்று காலமாகிவிட்டார். என்னை அவசரமாக அங்கே அனுப்பினார்கள். டிராலியில் கூட வர ஆள் இல்லை. பதிவேடுகள் சுத்தமாக இருந்தன. அவர் நல்ல வேலைக்காரர். ஆனால் ஒரு விஷயம் மட்டும் எதிலும் இல்லை. ஒரு சிறு பாலத்துக்கு மேல்புறம் இருந்த வயலின் வரப்பில், ஒவ்வோர் ஆண்டும் முதல் மழைக்கு முன் இரண்டு ஆட்களை அனுப்பிச் செத்தை குப்பையை அகற்றுவாராம். அது அவர் தலைக்குள் மட்டும் இருந்தது.

முதல் பெருமழையில் அந்தப் பாலம் அடைத்துக்கொண்டு, தண்ணீர் கரையை அரிக்க ஆரம்பித்தது. இரவு ரோந்து போன கேங்மேன் பார்த்துவிட்டு விளக்கைக் காட்டி வண்டியை நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரவை நான் மறக்கவில்லை. மறுநாள் முதல், ஆண்டுக்கு ஒரே முறை செய்கிற வேலையாக இருந்தாலும் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு வந்தது.

உண்மையான விண்வெளியில்

நம் நாட்டு விண்வெளித் திட்டமே இப்படி ஒரு சோதனையைத் தாண்டியதுதான். இஸ்ரோ 1969 ஆகஸ்டில் அமைந்தது. அதை உருவாக்கிய விக்ரம் சாராபாய் 1971 டிசம்பர் 30-இல், 52 வயதில், கோவளத்தில் திடீரென்று மறைந்தார். எம்.ஜி.கே. மேனன் சில மாதங்கள் பொறுப்பைத் தாங்கினார். 1972-இல் சதீஷ் தவான் ஏற்று 1984 வரை நடத்தினார். 1975-இல் ஆரியபட்டா பறந்தது. 1980-இல் நம் சொந்த ராக்கெட்டே ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

எப்படி முடிந்தது? சாராபாய் இளைஞர்களைச் சேர்த்துப் பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்திருந்தார். 1970 முதல் 1980 வரையிலான பத்தாண்டுக்கு அணுசக்தியிலும் விண்வெளியிலும் செய்ய வேண்டியவற்றை 1970-லேயே எழுத்தில் வெளியிட்டிருந்தார். ஆள் போனார், ஆட்களும் தாளும் இருந்தன.

அமெரிக்காவின் வாயேஜர் விண்கலங்கள் 1977-இல் கிளம்பியவை. அத்திட்டத்தின் தலைமை விஞ்ஞானியாக எட் ஸ்டோன் 1972 முதல் 2022 வரை 50 ஆண்டுகள் இருந்தார். பிறகு, அதே திட்டத்தில் முன்பு பணியாற்றிய லிண்டா ஸ்பில்கர் பொறுப்பேற்றார். தூரம் அதிகமானால் காலமும் அதிகம். ஒரு மனிதரின் பணிக்காலத்துக்குள் அடங்காத பயணம் இது.

நினைவில் கொள்ள

1. ஆள்பவர் மாறுவது விபத்து அல்ல. அது கணக்கில் சேர வேண்டிய ஒன்று.

2. ஒருவரின் திறமையை நம்பித் திட்டம் போட்டால், அவர் இல்லாத நாளுக்கும் ஒரு திட்டம் வேண்டும்.

3. அடுத்தவர் யார் என்பது மட்டும் போதாது. அவருக்கு என்ன தெரியும் என்பதும் முக்கியம்.

4. தலைக்குள் இருப்பது தாளுக்கு வர வேண்டும்.

இதையெல்லாம் பேரனிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் மேஜையில் கிடந்த என் நோட்டைக் காட்டினான். நம் சங்கத்தின் வரவு செலவு நோட்டு. பதினோரு ஆண்டுகளாக நான்தான் எழுதுகிறேன். "தாத்தா, உங்க நோட்டு வேற யாருக்காவது புரியுமா?" என்று கேட்டான்.

புரியாது. பாதி சுருக்கெழுத்து, மீதி என் ஞாபகம். பொங்கல் விழாவுக்குச் சமையல்காரரிடம் எப்போது சொல்ல வேண்டும், மண்டபத்து முன்பணம் யாரிடம் இருக்கிறது, எந்தக் குடும்பத்துப் பிள்ளைக்குச் சத்தமில்லாமல் பள்ளிக் கட்டணம் கட்டுகிறோம் என்பதெல்லாம் என் தலைக்குள்தான் இருக்கிறது. முதல் மழைக்கு முன் வரப்பைச் சுத்தம் செய்தவரைப் போலத்தான் நானும் இருந்திருக்கிறேன்.

விடுமுறை முடிவதற்குள் புது நோட்டு வாங்கினேன். நான் சொல்லச் சொல்லப் பேரன் எழுதினான். அவன் தமிழ் எழுத்து கோணல்மாணல்தான், ஆனால் யாரும் படிக்கலாம். வரும் பொதுக்குழுவில் பொருளாளர் பதவிக்கு நான் நிற்கப்போவதில்லை. இளைஞர் ஒருவர் முன்வர வேண்டும். ஓராண்டு நானும் கூடவே டிராலியில் வருகிறேன்.