மின்னஞ்சலில் அலங்காரத் தாள்

தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலத்தில் சிப்பிகளைத் திறவாமலே, ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்று ஏலம் விடுவது வழக்கம். உள்ளே முத்து உண்டா என்று அறியாமலே வியாபாரி விலை கூறுவார். 1961-ஆம் ஆண்டு முத்துக்குளிப்போடு அவ்வேலம் நின்றுபோயிற்று. எனினும் நம் சங்கங்கள் அனுப்பும் சில மின்னஞ்சல்கள் இன்றும் திறவாத சிப்பிகளாகவே சென்று சேர்கின்றன.

நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் வேட்டி, துண்டுகளின் விலைப்பட்டியலைப் பூங்கொடி வரைந்த தாளில் ஒரே படமாக்கி அனுப்பியிருந்தார்கள். வாங்குவோரின் கணினி பாதுகாப்புக் கருதிப் படங்களைத் தடுத்துவிட்டது. அவர்கள் கண்டது வெற்றுத் தாள். சரக்கை வேறிடத்தில் வாங்கிவிட்டார்கள். தறியில் உழைத்தவருக்குக் கூலி தாமதமாயிற்று.

அலங்காரத் தாள் என்பது யாது? கடிதத்தின் பின்னணிப் படம், கரை, வண்ணம், எழுத்துரு ஆகியவற்றை முன்னரே அமைத்து வைத்த மாதிரியாகும். 1990-களின் இறுதியில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்னும் மின்னஞ்சல் நிரல் இத்தகைய மாதிரிகளைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது. வாழ்த்து மடலுக்கு இவை அழகே. வாணிகக் கடிதத்திற்கோ மூன்று இடர்கள் உள.

முதலாவது, பாரம். மின்னஞ்சலில் செல்லும் படம் எழுத்துக் குறிகளாக மாற்றப்படுகிறது. மூன்று பைட்டுகள் நான்காகின்றன. 300 கிலோபைட் படம் ஏறத்தாழ 400 ஆகிவிடும். இரண்டாவது, தோற்றம். கணினியில் எடுப்பாகத் தெரியும் வண்ண எழுத்து, கைப்பேசியின் சிறு திரையில் பின்னணியோடு கலந்து மங்கிவிடலாம். மூன்றாவது, தமிழ். பழைய எழுத்துருவில் அடித்த கடிதம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே தெரியும். தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. நாமும் அதனையே கைக்கொள்ளல் வேண்டும்.

ஆகவே, காரியதரிசிகள் பின்வருவனவற்றைக் கவனிப்பார்களாக:

1. பொருள் வரியில் சங்கத்தின் பெயரும் செய்தியும் இருக்கட்டும்.

2. விலை, அளவு, தேதி ஆகியவற்றைப் படமாக்காமல் எழுத்தாகவே அடிக்கவும்.

3. சங்க முத்திரை வேண்டுமாயின் சிறிதாக ஒன்று போதும். பதிவு எண், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் எழுத்தில் அமையட்டும்.

4. அலங்காரப் பட்டியலைப் பி.டி.எஃப். கோப்பாக இணைக்கலாம், சாரத்தைக் கடிதத்திலேயே தரவும்.

5. முதலில் தமக்கே அனுப்பி, கைப்பேசியில் திறந்து, படங்களை நிறுத்தியும் படித்துப் பார்க்கவும்.

மின்னணு ஆவணங்களுக்கு 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அங்கீகாரம் அளிக்கிறது. எனவே சங்கத்தின் மின்னஞ்சலும் ஒரு பதிவேடே. பின்னாளில் தேடி எடுத்துப் படிக்கத்தக்கதாக அது இருத்தல் அவசியம்.

அழகு வேண்டாம் என்பதன்று நம் கருத்து. வேட்டிக்குக் கரை அழகுதான். ஆனால் கரையை மட்டும் உடுத்த இயலுமா? முதலில் துணி, பிறகே கரை.