முளைப்பாரி கேட்ட கேள்வி: ஒளியால் இயங்கும் நொதிகள்

பத்தாம் வகுப்பில் வினைவேகத்தை மாற்றும் காரணிகளை நடத்திக்கொண்டிருந்தேன். "நொதிகளுக்கு ஒளி தேவையில்லை. வயிற்றுக்குள் இருட்டில்தானே உணவு செரிக்கிறது?" என்று சொல்லிக் கரும்பலகையிலும் எழுதினேன். ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், முளைப்பாரி இருட்டுல மஞ்சளாத்தானே வளருது. வெளிச்சத்துல வச்சா பச்சையாகுதே, அது எப்படி?"

"பச்சையம் உருவாக ஒளி வேண்டும்" என்று சொல்லி உட்கார வைத்தேன். மாலையில் தேடிப் படித்தபோதுதான் என் வாக்கியமே தவறு என்று தெரிந்தது. பூக்கும் தாவரங்களில் பச்சையம் உருவாகும் படிகளுள் ஒன்றைச் செய்யும் நொதி, ஒளி பட்டால்தான் வேலை செய்யும். இயற்கையில் இத்தகைய நொதிகள் மிகச் சிலவே.

அவற்றுள் ஒன்றை 2017இல் பிரான்சின் கடராஷ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த அறிஞர்கள் 'சயின்ஸ்' இதழில் அறிவித்தனர். குளோரெல்லா என்னும் நுண்பாசியில் உள்ள அந்த நொதி, கொழுப்பு அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடை நீக்கி ஹைட்ரோகார்பனைத் தருகிறது. 16 கார்பன் கொண்ட பால்மிடிக் அமிலம், 15 கார்பன் கொண்ட பென்டாடெக்கேன் ஆகிறது. இது டீசலில் இருக்கும் வகைச் சேர்மம். நொதிக்குள் உள்ள, வைட்டமின் பி2விலிருந்து உருவான மஞ்சள் நிற மூலக்கூறுதான் நீல ஒளியை உறிஞ்சி வினையைத் தொடங்குகிறது.

இதில் பசுமை எங்கே இருக்கிறது? சோடியம் எத்தனோயேட்டைச் சோடா சுண்ணாம்புடன் நன்கு சூடாக்கினால் மீத்தேன் கிடைக்கும் என்று நடத்துகிறோம். அதுவும் கார்பன் டை ஆக்சைடை நீக்கும் வினைதான். அங்கே கடும் வெப்பமும் காரமும் தேவை. நொதிக்கோ அறை வெப்பநிலையும் நீல விளக்கும் போதும். ஆனால் குறைகளும் உண்டு. வலுவான ஒளியில் இந்த நொதி நாளடைவில் செயலிழக்கிறது. பெரிய கலன்களில் ஒளி உள்வரை ஊடுருவுவதும் கடினம். ஆகவே, "நாளையே ஆலைகள் மாறிவிடும்" என்று மாணவர்களிடம் சொல்ல வேண்டாம்.

வகுப்பறைச் செயல்பாடு

1. ஊறவைத்த பச்சைப்பயறை இரண்டு கிண்ணங்களில் ஈரத்துணி மேல் பரப்பி, ஒளி புகாத பெட்டியில் ஐந்து நாள் வைக்கவும். தினமும் மங்கிய வெளிச்சத்தில் நீர் தெளித்து உடனே மூடவும்.

2. ஆறாம் நாள் காலை ஒன்றை மட்டும் சன்னலோரம் வைக்கவும். மாலையிலும் மறுநாளும் இரண்டையும் ஒப்பிடச் சொல்லவும்.

3. இருட்டிலும் முளை வளர்ந்தது எப்படி? விதையில் சேமித்த உணவைச் சிதைக்கும் நொதிகளுக்கு ஒளி தேவையில்லை. பச்சை நிறம் மட்டும் வராதது ஏன்? அந்த நொதிக்கு ஒளி தேவை. ஒரே கிண்ணத்தில் இரண்டு பாடங்கள்.

மறுநாள் வகுப்பில் என் பழைய வாக்கியத்தை மீண்டும் எழுதி, மாணவர்கள் முன்னிலையிலேயே திருத்தினேன்: "பெரும்பாலான நொதிகளுக்கு ஒளி தேவையில்லை." அந்த ஒரு சொல்லைச் சேர்க்க வைத்தவள் யார் என்பதையும் சொன்னேன். அன்று முதல் அந்த வகுப்பில் கேள்விகள் கூடியிருக்கின்றன.