கம்பியில்லாப் பட்டைக்குறி வாசிகருவி: அதனை அமைத்தலும் ஆரம்ப நிலைக்கு மீட்டலும்

கமக்காரர் தமது விளைபொருளைச் சங்கக் களஞ்சியத்தில் ஒப்படைக்கும்போது ஒரு போகத்தின் உழைப்பு முழுவதும் கணக்காக மாறுகின்றது. முன்னர் அக்கணக்கு கொப்பியில் எழுதப்பட்டது. இப்பொழுது சேகரிப்பு நிலையங்கள் பலவற்றில் ஒவ்வொரு பெட்டியிலும் சாக்கிலும் கறுப்புக் கோடுகள் கொண்ட சீட்டொன்று ஒட்டப்படுகின்றது. கையடக்கக் கருவியொன்று அதனை வாசித்துக் கணினிக்கு அனுப்புகின்றது. கடைகளில் பார்கோட் ஸ்கானர் எனப்படுவது இதுவே. இத்துண்டுப் பிரசுரத்தில் இதனை வாசிகருவி என்று குறிப்பிடுவோம்.

இக்கருவி செவ்வனே இயங்கினால் நிறுவை விரைவாக முடியும். எண்ணைக் கையால் எழுதுவதில் நேரும் பிழைகளும் நீங்கும். ஆனால் கருவி சற்று முரண்டு பிடித்தவுடன், அதனை ஆரம்ப நிலைக்கு மீட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவோர் பலர். இவ்வெண்ணம் தவறானது. மீட்டல் கடைசி மருந்தாகும். அதற்கு முன்னர் செய்யவேண்டியவை சில உள. அவற்றைச் செய்யாவிடின் ஒருவருடைய ஒருநாள் விளைச்சலின் கணக்கே அழிந்துபோகக்கூடும்.

கருவி தொழிற்படும் விதம்

வாசிகருவியின் விசையை அழுத்தியதும் ஒளி வெளிப்படுகின்றது. அநேக கருவிகளில் இது செவ்வொளியாகும். கறுப்புக் கோடுகள் ஒளியை விழுங்குகின்றன. வெண்ணிற இடைவெளிகள் அதனைத் திருப்பியனுப்புகின்றன. இவ்வேறுபாட்டைக் கொண்டு கருவி எண்ணை அறிந்து, வானலை மூலம் கணினிக்கு அனுப்புகின்றது. கணினியில் செருகப்பட்டிருக்கும் சிறு செருகியொன்றோ, கணினியிலேயே அமைந்துள்ள புளூடூத் வசதியோ அதனை ஏற்றுக்கொள்கின்றது. கணினியோ, யாரோ ஒருவர் விசைப்பலகையில் அவ்வெண்ணைத் தட்டியதாகவே கருதுகின்றது. இவ்வுண்மையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்; பின்னர் கூறப்படும் குறைகளுட் பல இதனின்றே எழுகின்றன.

பட்டைக் குறியீட்டுக்கான காப்புரிமை ஐக்கிய அமெரிக்காவில் 1952 இல் வழங்கப்பட்டது. 1974 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அந்நாட்டின் ஒகாயோ மாநிலக் கடையொன்றில் முதன்முறையாகப் பொருளொன்று இம்முறையில் விற்கப்பட்டது. கடைப்பொருள்களில் நாம் காணும் எண் பெரும்பாலும் 13 இலக்கங்களைக் கொண்டது. இலங்கையில் வழங்கப்பட்ட எண்கள் 479 என ஆரம்பிக்கின்றன. அது எண் வழங்கப்பட்ட இடத்தைக் காட்டுமேயன்றிப் பொருள் விளைந்த இடத்தைக் காட்டாது. நிறுவனமொன்று தன் களஞ்சியத்தினுள் மாத்திரம் வழங்குவதற்கு 200 முதல் 299 வரை ஆரம்பிக்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன.

பதின்மூன்றாம் இலக்கம் சரிபார்க்கும் இலக்கமாகும். உதாரணமாக 2000001004579 என்னும் எண்ணை எடுத்துக்கொள்க. முதற் பன்னிரண்டு இலக்கங்களுள் ஒற்றை இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை 8. இரட்டை இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை 11. அதனை மூன்றாற் பெருக்க 33. இரண்டும் சேர 41. அடுத்த முழுப்பத்தாகிய 50 ஐ அடைய 9 வேண்டும். ஆகவே கடைசி இலக்கம் 9. வாசிகருவி இக்கணக்கைத் தானே செய்து பார்த்த பின்னரே ஒலியெழுப்புகின்றது. ஆதலால், ஒலி கேட்டபின்னும் கணினியில் எண் பிழையாகத் தோன்றுமாயின், குறை பெரும்பாலும் வாசித்தலில் இல்லை. அனுப்புதலிலோ ஏற்றலிலோ உள்ளது.

முதலிற் குறையைக் காண்க

பயிர் மஞ்சளித்தவுடன் காரணம் அறியாது பசளை இடுதல் எவ்வாறு தகாதோ, அவ்வாறே குறையை அறியாது கருவியை மீட்டலும் தகாது. பின்வருவனவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்க.

(1) ஒளியும் இல்லை, ஒலியும் இல்லை: மின்கலத்தில் மின்னூட்டம் தீர்ந்திருக்கும். போதிய நேரம் மின்னேற்றிய பின்னர் பார்க்குக.

(2) ஒளி உண்டு, வாசிப்பு இல்லை: சீட்டைத் துடைத்துப் பார்க்குக. சேறும் ஈரமும் கோடுகளை மறைக்கும். பளபளப்பான சீட்டாயின் கருவியைச் சற்றுச் சரித்துப் பிடிக்குக. கோடுகளின் இரு பக்கத்திலும் வெற்றிடம் இருத்தல் அவசியம். அதன்மேல் விலையையோ பெயரையோ எழுதலாகாது. செந்நிற மையால் அச்சிட்ட கோடுகள் செவ்வொளிக்கு வெண்மையாகவே தோன்றுமாதலால், அவற்றைச் செவ்வொளிக் கருவியால் வாசிக்க இயலாது.

(3) ஒலி உண்டு, கணினியில் எண் இல்லை: எழுத வேண்டிய கட்டத்திற் சுட்டி நிற்கின்றதா என்று பார்க்குக. அடுத்து, கருவி கணினிக்கு எட்டாத தூரத்தில் உள்ளதா என்று பார்க்குக. புளூடூத் கருவிகள் பலவற்றுக்கு வெளியிடத்தில் ஏறக்குறைய 10 மீற்றரே எல்லை. சுவரும், இரும்பு அலுமாரியும், ஈரமான மரக்கறி அடுக்கும் அவ்வெல்லையை மேலும் குறைக்கும். இவையெல்லாம் சரியாயின், கருவி சேமிப்பு நிலையில் இருத்தல் கூடும். அந்நிலையில் அது எண்களை அனுப்பாது தன் நினைவகத்தில் வைத்திருக்கும்.

(4) எண்கள் யாவும் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு வருகின்றன: ஒவ்வோர் எண்ணின் பின்னும் என்டர் விசை இடும் கட்டளை நீங்கியுள்ளது. அக்கட்டளையை மாத்திரம் திரும்ப இட்டாற் போதும்.

(5) எழுத்துக்கள் மாறி வருகின்றன: கணினியின் விசைப்பலகை தமிழிலோ சிங்களத்திலோ வைக்கப்பட்டிருக்கும். ஆங்கிலத்துக்கு மாற்றுக. இக்குறைக்குக் கருவி பொறுப்பன்று.

(6) 13 இலக்கங்களுக்குப் பதிலாகக் குறைந்த இலக்கங்களே வருகின்றன: கருவி அனுப்பும் வேகத்தைக் கணினி ஏற்க முடியாதிருக்கின்றது. இலக்கங்களுக்கிடையே தாமதத்தைக் கூட்டும் கட்டளை கைந்நூலில் உண்டு.

(7) எக்ஸெல் பக்கத்தில் எண் புள்ளியிட்ட சுருக்க வடிவில் தோன்றுகின்றது: வாசிக்க முன்னரே அந்நிரலை உரை வடிவில் அமைத்துக்கொள்க.

இவற்றாற் பயன் காணாவிடின் கருவியை அணைத்து மீண்டும் இயக்குக. செருகியைக் கழற்றி வேறு துளையிற் செருகுக. இவ்வாறு அணைத்து இயக்குதல் ஒன்று, ஆரம்ப நிலைக்கு மீட்டல் வேறொன்று. முன்னதால் நாம் இட்ட அமைப்புகள் மாறுவதில்லை. பின்னதால் அவை யாவும் நீங்கிவிடும்.

ஒரு களஞ்சியத்தில் நிகழ்ந்தது

2023 ஆம் ஆண்டு சிறுபோகத்தில் நான் சென்று பார்த்த களஞ்சியம் ஒன்றில் நிகழ்ந்ததை இங்கு கூறுதல் பயனுடையதாகும். முற்றத்தின் கடைசியில் நின்ற லொறியருகே பெட்டிகளை வாசிப்பதற்காகக் கருவியைச் சேமிப்பு நிலையில் வைத்திருந்தனர். கத்தரியும் பச்சை மிளகாயுமாக 46 பெட்டிகள் வாசிக்கப்பட்டு, லொறியும் புறப்பட்டுவிட்டது. மாலையில் எண்களைக் கணினிக்கு அனுப்ப முயன்றபோது ஒன்றும் வரவில்லை. பொறுப்பாயிருந்த இளைஞர் பதற்றமுற்று, கைந்நூலைத் திறந்து ஆரம்ப நிலைக்குரிய குறியை வாசித்தார். அதன் பின்னரும் எண்கள் வாராமையால் அடுத்திருந்த குறியையும் வாசித்தார். அது நினைவகத்தை அழிக்கும் குறி. கருவி மகிழ்ச்சியாக ஒலித்தது. 46 பெட்டிகளின் கணக்கும் அக்கணமே மறைந்தது.

பற்றுச்சீட்டை வாங்கி மடியில் வைத்திருந்தோர் அன்றே தம் கணக்கை நிலைநாட்டினர். சீட்டு வாங்காதோருக்கு அது எளிதாக இருக்கவில்லை. கணவரை இழந்த அம்மையார் ஒருவர், தாம் கொண்டுவந்தவை ஒன்பது பெட்டிகள் என்றார். களஞ்சியத்தில் நின்றவர்களோ ஏழு என்றே நினைவு கூறினர். ஒருவர் பொய்யுரைக்கின்றார் என்ற எண்ணம் இரு பக்கத்திலும் தோன்றிவிட்டது. இரு பெட்டிக் கத்தரியின் விலை பெரிதன்று. சங்கத்தின்மேல் வைத்த நம்பிக்கையோ பெரிது. பலநாட் பேச்சின் பின்னர் சங்கம் ஒன்பதுக்கே பணம் கொடுத்துத் தீர்த்தது.

அடுத்த வாரம் நான் சென்று பார்த்தபோது உண்மையான குறை விளங்கிற்று. செருகி கணினியின் பின்புறத்தில், நிலத்தை ஒட்டி, இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் இருந்தது. அதன் முன்னே ஈரச் சாக்குகள் அடுக்கப்பட்டிருந்தன. செருகியை முன்புறத் துளைக்கு மாற்றியதும் கருவி இயங்கிற்று. மீட்டல் எதற்கும் அங்கு தேவையே இருக்கவில்லை.

மீட்க வேண்டியவிடத்து மீட்கும் முறை

கருவி வேறொரு நிலையத்திலிருந்து வந்திருப்பின், அல்லது பலரும் கட்டளைகளை மாற்றி எது எந்நிலையில் உள்ளதென்று அறிய முடியாதிருப்பின், மீட்டலே தக்கது. அதனைப் பின்வரும் ஒழுங்கிற் செய்க.

1. மின்கலத்தை முழுமையாக மின்னேற்றுக. இடையில் மின் அற்றுப்போனால் அமைப்பு அரைகுறையாகும்.

2. நினைவகத்திலுள்ள எண்கள் யாவற்றையும் முதலிற் கணினிக்கு அனுப்புக. இதற்கெனக் கைந்நூலிற் குறியொன்று உண்டு. வந்த வரிகளை எண்ணிக் கொப்பியிலுள்ள தொகையுடன் ஒப்பிடுக. இரண்டும் ஒத்தபின் அதனைச் சேமித்து வைக்குக. ஒத்துவரும்வரை அடுத்த படிக்குச் செல்லலாகாது. சில கருவிகளில் மீட்டலின்போது நினைவகமும் அழியும், சிலவற்றில் அழியாது. நும்முடையது எவ்வகை என்று ஊகிக்க வேண்டாம். அழியும் என்றே கொள்க.

3. இப்போதுள்ள அமைப்புகளைக் கொப்பியிற் குறித்துக்கொள்க.

4. கைந்நூலின் கட்டளைப் பக்கத்தை எடுத்து, வாசிக்க வேண்டிய குறியை மாத்திரம் விட்டு ஏனையவற்றைத் தடித்த கடதாசியால் மூடுக. முதன்முதலிற் கற்பிக்கச் சென்றபோது யானும் இதனைச் செய்யாது, அயலிலிருந்த குறியை வாசித்துவிட்டு அரைமணி நேரம் திகைத்து நின்றதுண்டு.

5. ஆரம்ப நிலைக்குரிய குறியை வாசிக்குக. சில கருவிகளில் இதற்கு முன் அமைப்பைத் தொடங்கும் குறியையும், பின் சேமித்து முடிக்கும் குறியையும் வாசித்தல் வேண்டும்.

6. கருவியையும் கணினியையும் இணைக்குக. செருகியுடையதாயின் இணைக்கும் குறியை வாசித்துச் செருகியைச் செருகுக. இவற்றுள் எது முந்தியது என்பதைக் கைந்நூல் கூறும். புளூடூத் ஆயின், கணினியிலோ கைப்பேசியிலோ பழைய இணைப்பை நீக்கிவிட்டு, விசைப்பலகையாக இணையும் குறியை வாசித்த பின் புதிதாகத் தேடி இணைக்குக.

7. விசைப்பலகை மொழி ஆங்கிலம், ஒவ்வோர் எண்ணின் பின்னும் என்டர், உடனுக்குடன் அனுப்பும் நிலை ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாக இடுக.

8. நோட்பேட் போன்ற வெற்றுப் பக்கமொன்றைத் திறந்து, அறிந்த சீட்டுகள் மூன்றை வாசிக்குக. கோடுகளின் கீழ் அச்சிடப்பட்டுள்ள எண்ணும் திரையிலுள்ள எண்ணும் இலக்கத்துக்கு இலக்கம் ஒத்தல் வேண்டும். பின்னர் முற்றத்தில் வாசிக்கும் இடத்திற்கே சென்று மறுபடி சோதிக்குக.

சேமிப்பு நிலையைப் பயன்படுத்துவோர், எண்களை அனுப்பி, தொகையைச் சரிபார்த்து, சேமித்த பின்னரே நினைவகத்தை அழித்தல் வேண்டும். ஆனால் அழிக்காமலும் விடலாகாது. விட்டால் நேற்றைய பெட்டிகள் இன்றும் கணக்கில் ஏறும்.

களஞ்சியத்தார்க்கும் கமக்காரர்க்கும்

கட்டளைப் பக்கத்தைச் சுருக்காது தெளிவாக அச்சிட்டு, ஈரம் படாத உறையில் இட்டு, கருவியின் அருகே தொங்கவிடுக. நினைவகத்தை அழிக்கும் குறியை அதில் வைக்காது, பொறுப்பாளர் தம்மிடம் தனியாக வைத்திருத்தல் நன்று. இவ்வொரு செயலே பெரும் நட்டத்தைத் தவிர்க்கும்.

கமக்காரராகிய நீங்கள் கருவியை இயக்கத் தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. ஆயினும் பெட்டிகள் வாசிக்கப்படும்போது அருகே நின்று ஒலிகளை எண்ணுக. ஒரு பெட்டிக்கு ஓர் ஒலி. பெட்டித் தொகையும் நிறையும் நாளும் எழுதிய பற்றுச்சீட்டைக் கையிற் பெறாது வீடு திரும்ப வேண்டாம். சீட்டுக் கேட்பது ஐயப்படுதல் ஆகாது. கருவி தவறினாலும் களஞ்சியத்தாரின் நாணயத்தைக் காப்பதும் அச்சீட்டே.

கருவி குறைப்படும்போது செய்ய வேண்டியவற்றின் ஒழுங்கு இதுவே: குறையைக் காண்க, கணக்கை வெளியே எடுக்க, எண்ணி ஒப்பிடுக, அதன் பின்னரும் தேவையாயின் மீட்க. ஐயமுள்ளவிடத்து உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு கேட்டறிந்துகொள்க.