வயலில் தப்பிய தழைச்சத்து கடலில் என்ன செய்கிறது?

நீங்கள் இடும் யூரியா முழுவதும் பயிருக்குச் சேர்வதில்லை. ஒரு பகுதி நைட்ரேட்டாக மாறி, வடிகால் நீரோடு ஆற்றுக்கும் கடலுக்கும் செல்கிறது. பிறகு நடப்பதற்கு அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு நல்ல பாடம்.

மக்காச்சோள நிலங்களில் வடியும் தழைச்சத்தை இந்த ஆறு மெக்சிகோ வளைகுடாவின் ஆழம் குறைந்த கரையோரக் கடலில் சேர்க்கிறது. அதனால் நுண்பாசிகள் பெருகுகின்றன. அவை மடிந்து அடியில் படிந்து மட்கும்போது ஆக்சிஜன் செலவாகிறது. கோடையில் நன்னீர் மேலே மிதந்து நிற்பதால், அடிநீருக்குப் புதிய ஆக்சிஜன் கிடைப்பதில்லை. அது லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் மீனும் இறாலும் விலகிவிடும்; நகர இயலாதவை மடியும். 2017-ல் பாதித்த பரப்பு சுமார் 22,700 சதுர கிலோமீட்டர்.

விஞ்ஞானிகள் மே மாத நைட்ரேட் அளவைக் கொண்டு இப்பரப்பைக் கணக்கிட்டு முன்னறிவிக்கிறார்கள். காற்றும் புயலும் கணக்கை மாற்றுவதுண்டு. 2020-ல் புயல் நீரைக் கலக்கியதால் பரப்பு மதிப்பிட்டதைவிட மிகவும் குறைந்தது.

ஒரு கணக்குப் பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து உள்ளது. அதில் 5 கிலோ கடலை அடைந்தால், அதில் வளரும் பாசி முழுவதும் மட்க ஏறத்தாழ 100 கிலோ ஆக்சிஜன் வேண்டும்.

ஆகவே மேலுரத்தைப் பிரித்து இடுங்கள். நெல்லுக்கு இலை வண்ண அட்டையைப் பார்த்து இடுங்கள். கனமழை வரும் நாளில் யூரியா வேண்டாம். உரமிட்ட வயலின் மடையை அடைத்து வையுங்கள். உங்கள் பணமும் மிஞ்சும்; மீனவர் வலையும் நிறையும்.