வாடிக்கையாளர் காதோடு பேசுவோம்!
(தொழிலுக்குப் பாட்காஸ்ட் – ஓர் அறிமுகம்)



டிப்ளமோ முடித்துச் சொந்தத் தொழில் தொடங்க வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கும் உண்டு. கடனை வாங்கியாவது லேத் பட்டறையோ, மோட்டார் ரீவைண்டிங் கடையோ வைத்துவிடலாம். ஆனால் 'இவனை நம்பி வேலை கொடுக்கலாம்' என்று நாலு பேர் நினைக்க வேண்டுமே! விளம்பரத்துக்குக் காசில்லாதவன் அந்த நம்பிக்கையை எப்படிச் சம்பாதிப்பது? அதற்கு ஒரு வழிதான் பாட்காஸ்ட். தமிழில் வலையொலி என்கிறார்கள்.

பாட்காஸ்ட் என்பது என்ன?

வானொலி நிகழ்ச்சியை உரிய நேரத்தில் கேட்காவிட்டால் போனதுதான். பாட்காஸ்ட் அப்படியல்ல. நம் பேச்சு எம்பி3 கோப்பாக இணையத்தில் இருக்கும். அது இருக்கும் இடத்தை ஆர்எஸ்எஸ் எனப்படும் பட்டியல் கோப்பு சொல்லும். கேட்பவரின் செல்போன் செயலி அந்தப் பட்டியலை அவ்வப்போது பார்த்து, புதிய பகுதி வந்ததும் எடுத்துக் கொடுக்கும். எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

இந்தப் பட்டியலில் ஒலிக்கோப்பை இணைக்கும் முறையை டேவ் வைனர் 2000-ஆம் ஆண்டின் இறுதியில் கொண்டுவந்தார். 'பாட்காஸ்டிங்' என்ற சொல்லை 2004 பிப்ரவரியில் பென் ஹாமர்ஸ்லி 'கார்டியன்' பத்திரிகையில் எழுதினார். 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்டைச் சேர்த்தது. அதன்பின் வேகமாகப் பரவியது.

பெரிய கம்பெனியின் பாடம்

நம் பாடப் புத்தகங்களில் வரும் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி, 2015-இல் 'தி மெசேஜ்' என்று 8 பகுதிகள் கொண்ட பாட்காஸ்ட் வெளியிட்டது. 'எங்கள் சரக்கை வாங்குங்கள்' என்ற பேச்சு அல்ல. வேற்றுலகச் செய்தி ஒன்றைப் புரிந்துகொள்ள முயலும் விஞ்ஞானக் கதை! ஐடியூன்ஸ் பாட்காஸ்ட் வரிசையில் அது முதலிடம் வரை போனது. கேட்பவனுக்கு ஏதாவது கொடுத்தால்தான் அவன் காதைக் கொடுப்பான் என்பதே இதன் பாடம்.

மாமா கடையின் பாடம்

என் மாமா பம்புசெட் மோட்டார் ரீவைண்டிங் செய்கிறார். முதல் பகுதியில் கடைப் பெருமையையே பேசினோம். "நாமளே பேசி நாமளே கேக்கறோம் மாப்ளே" என்று மாமா சிரித்தார்.

அந்த நேரம் ஒரு விவசாயி கோபமாக வந்தார். "போன மாசம் கட்டுன மோட்டாருங்க, மறுபடியும் காயில் போயிருச்சு. பயிரு காயுதுங்க!" மாமாவும் பதிலுக்குக் கத்த, அவர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று ராத்திரி மாமாவுக்குத் தூக்கமில்லை.

அடுத்த பகுதிக்கு அதையே தலைப்பாக்கினோம்: 'கட்டுன காயில் ஏன் கருகுது?' மூன்று பேஸில் ஒன்று போனால் மற்ற இரண்டிலும் கரண்ட் ஏறிக் காயில் கருகும், அதைத் தடுக்க சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் போட வேண்டும் என்று மாமா விளக்கினார். பிறகு சற்று நிறுத்தி, "அவசரத்துல வார்னிஷ் சரியாக் காயாம நாங்க குடுத்துட்டாலும் காயில் போகும். அது எங்க தப்புங்க" என்றார். வெட்டிவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும்டா" என்றார்.

செயலி தெரியாதவர்களுக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பினோம். பத்து நாள் கழித்து அதே விவசாயி, அதே மோட்டாரோடு வந்து இறங்கினார். மாமா கூலி வாங்காமல் கட்டிக் கொடுத்தார்.

செய்முறைக் குறிப்புகள்

1. வாடிக்கையாளர் அடிக்கடி கேட்கும் கேள்விகளை நோட்டில் எழுதுங்கள். ஒரு பகுதிக்கு ஒரு கேள்வி போதும்.

2. செல்போனே போதும். மின்விசிறியை நிறுத்தி, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பேசுங்கள்.

3. பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் மோனோ தாராளம். நிமிடத்துக்கு 480 கேபி. பத்து நிமிடத்துக்கு 4.8 எம்பி. கேட்பவரின் டேட்டாவும் மிச்சம்.

4. மாதம் இரண்டு என்றால் தவறாமல் இரண்டு. இடையில் நின்றுபோனால், 'கடையும் இப்படித்தானோ' என்று நினைப்பார்கள்.

5. கடைப் பெயரும் விலாசமும் கடைசியில் ஒரு தடவை போதும்.

நண்பர்களே, மைக் வாங்குவது சுலபம். நம் வேலையில் உள்ள குறையை நாமே வாய்விட்டுச் சொல்வதுதான் கஷ்டம். அதைச் செய்பவன் குரலை ஊர் நம்பும். நாளை தொழில் தொடங்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்!

– இறுதியாண்டு மாணவன்,
மின்னியல் துறை