ஒற்றைப்படையில் முடிந்தால் பகா எண்ணா?

செங்கல்பட்டின் பின்கோடு 603001. மாமல்லபுரத்துக்கு 603104. சென்னை கணிதவியல் கழகம் இருக்கும் சிறுசேரிக்கு 603103. பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது. கடிதம் போய்ச் சேரத்தான் இந்த எண்கள். ஆனாலும் எண்களைப் பற்றிய தவறான நம்பிக்கைகளைச் சோதிக்க இவையே போதும்.

நம்பிக்கை: 2, 3, 5 ஆகியவற்றால் வகுபடாவிட்டால் அது பகா எண்.

உண்மை: செங்கல்பட்டின் 603001 இந்த மூன்றுக்கும் பிடிகொடுக்காது. ஆனால் அதை 602000 + 1001 என்று பிரித்துப் பாருங்கள். 602 என்பது 7 × 86. 1001 என்பது 7 × 143. ஆக, 603001 = 7 × 86143. பார்த்த மாத்திரத்தில் பகா எண் என்று முடிவுகட்டக் கூடாது.

நம்பிக்கை: பகா எண் என்று உறுதிசெய்ய, அதற்குக் கீழுள்ள எல்லா எண்களாலும் வகுக்க வேண்டும்.

உண்மை: வர்க்கமூலம் வரை போனால் போதும். ஓர் எண் இரண்டு காரணிகளின் பெருக்கமாக இருந்தால், இரண்டுமே வர்க்கமூலத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது. 603103இன் வர்க்கமூலம் 776ஐச் சற்றே தாண்டும். அதுவரை உள்ள பகா எண்கள் 137 மட்டுமே. அவற்றில் ஒன்றுகூட 603103ஐ மீதியின்றி வகுப்பதில்லை; எனவே அது பகா எண். கணித நிறுவனத்தின் முகவரியில் ஒரு பகா எண் அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தபோது மனம் நிறைந்தது.

அதற்கு அடுத்த எண்ணான மாமல்லபுரத்தின் 603104ஐ ஐந்து முறை பாதியாக்கினால் 18847 வரும். அது 47 × 401. மொத்தம் 24 காரணிகள்! பக்கத்து எண்ணுக்கோ இரண்டே இரண்டு.

நம்பிக்கை: காரணிகளைக் கண்டுபிடிக்காமல் ஒரு பெரிய எண்ணைப் பகு எண் என்றோ பகா எண் என்றோ சொல்ல முடியாது.

உண்மை: முடியும். கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் 2002இல் அதற்கு உறுதியான, விரைவான வழியைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் மிகப் பெரிய பகு எண்ணின் காரணிகளைப் பிரித்தெடுப்பது இன்றும் கடினம். இணையப் பாதுகாப்பின் ஒரு பகுதி அந்தக் கடினத்தை நம்பியே நிற்கிறது.

நம்பிக்கை: இலக்கங்களின் கூட்டுத்தொகை எண்ணின் ராசியைச் சொல்லும்.

உண்மை: 603103இன் கூட்டுத்தொகை 13, அதையும் கூட்டினால் 4. எண் ஜோதிடத்தில் இது ராகுவின் எண். கணிதத்தில் இந்த 4 என்பது 603103ஐ 9ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதி, அதற்குமேல் ஒன்றுமில்லை. கூட்டு எண் சரியில்லை என்று பிள்ளையின் பெயரையும் வண்டி எண்ணையும் மாற்றப் பணம் செலவழிப்பது வீண்.

உங்கள் ஊர் பின்கோடையும் பிள்ளைகளிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஆறு இலக்க எண் எதுவானாலும் 1000க்குக் கீழுள்ள 168 பகா எண்களுக்குள் விடை தெரிந்துவிடும்.